நவரசமும் சுக்கானும்: சட்டம் எங்கள் பிரதிகளை வாசித்த விதம்

2023 ஆம் ஆண்டில் எங்கள் சமூகத்தோடு தொடர்புடைய இரண்டு முடிவுகள் நீதிமன்றங்களிலிருந்து வந்தன. ஒன்று ஒரு சட்டையைப் பற்றியது. மற்றது ஒரு கவிதை நூலைப் பற்றியது. பத்திரிகைகள் அவற்றைத் தனித்தனிச் செய்திகளாகப் போட்டன. எங்கட ஆக்களும் "அல்ஹம்துலில்லாஹ், நீதி கிடைச்சிட்டுது" என்று பகிர்ந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். சட்டம் படித்தவர்கள் உரிமை மீறல், தடுப்புக்காவல், நட்டஈடு என்ற தலைப்புகளில் இவற்றைப் பேசுவார்கள். தமிழ் படிப்பிக்கும் எனக்கு இரண்டும் ஒரே வழக்காகத்தான் தெரிகின்றன. இரண்டிலும் நடந்தது ஒரு வாசிப்பு. ஒரு அதிகாரி ஒரு பிரதியை வாசித்தார், அவர் கண்ட பொருளே அதன் பொருள் என்று காரியங்கள் நடந்தன, அது பிழை என்று சொல்ல ஆண்டுக்கணக்கில் எடுத்தது.

சட்டையிலிருந்து தொடங்குகிறேன். 2019 மே மாதம், ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஹசலகப் பகுதியில் ஒரு முஸ்லிம் பெண் உடுத்திருந்த சட்டையில் வட்டமும் ஆரக்கால்களும் கொண்ட ஒரு வடிவம் அச்சிடப்பட்டிருந்தது. பொலிஸார் அதனைத் தர்மச்சக்கரம் என்று கொண்டு அவரைக் கைது செய்தார்கள். அது கப்பலின் சுக்கான் சக்கரம். குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டம், அதாவது எல்லாரும் ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று சொல்லும் 2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் விவகாரம் போனது. மனித உரிமைச் சமவாயம் ஒன்றின் பெயரைத் தாங்கிய இந்தச் சட்டத்தின் 3 ஆம் பிரிவுக்குள் ஒருவர் அகப்பட்டால், விதிவிலக்கான சந்தர்ப்பத்தில் மேல் நீதிமன்றம் மாத்திரமே பிணை கொடுக்கலாம். ஜூன் ஆரம்பம் வரை அந்தப் பெண் விளக்கமறியலில் இருந்தார்.

உயர்தர வகுப்பில் இரட்டுற மொழிதலைப் படிப்பிக்கும்போது காளமேகப் புலவரை விட்டு நகர முடியாது. ஒரே வெண்பாவில் பாம்பும் வாழைப்பழமும் பொருந்தி வரும். கடைசி வாங்கிலிருந்து எப்போதும் ஒரு பிள்ளை கேட்கும்: "டீச்சர், இப்ப இதில எது சரி?" இரண்டும் சரி, அதற்காகத்தான் புலவர் மினக்கெட்டிருக்கிறார் என்பேன். ஆனால் இரண்டு பொருள் வர வேண்டும் என்று ஆக்கியவர் கருதியிருக்க வேண்டும். கருதாத இடத்தில் பார்ப்பவர் இரண்டாம் பொருளைக் கொண்டுவந்து ஏற்றினால், அந்தப் பொருள் பார்ப்பவருடையது. சட்டையை நெய்தவரும் அச்சடித்தவரும் விற்றவரும் சுக்கான் என்றார்கள், உடுத்தவர் அழகான பூவேலை என்று உடுத்தார். தர்மச்சக்கரம் பொலிஸ் நிலையத்தில்தான் பிறந்தது. 3 ஆம் பிரிவு கேட்பதோ வெறுப்பைப் பரப்பிப் பாகுபாட்டுக்கும் பகைமைக்கும் வன்முறைக்கும் தூண்டும் செயலை. சட்டை உடுத்துக்கொண்டு வெளியே போவதில் அது எங்கே இருக்கிறது என்று முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

உயர் நீதிமன்றம் அந்தப் பெண்ணின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று கண்டது. அப்போதைய பொறுப்பதிகாரி 30,000 ரூபா நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் கட்டளையிட்டது. இதில் எனக்குப் பிடித்தது, பொறுப்பு ஆளின் மேல் விழுந்தது. "மேலிடத்து உத்தரவு", "அப்போதைய சூழ்நிலை" என்று கரைந்து போகவில்லை. அதிகாரியின் சந்தேகத்துக்கு நியாயமான அடிப்படை இருக்க வேண்டும், அவர் மனதில் தோன்றியது மட்டும் போதாது என்ற பழைய சட்டக் கொள்கை ஒரு சட்டையின் விஷயத்திலும் உயிரோடு இருக்கிறது என்பது ஆறுதல். ஆனால் 30,000 ரூபா! 2019 இல் தொடங்கி 2023 வரை இழுபட்ட ஒரு விஷயத்துக்கு அந்தக் காசு கொழும்புக்கு வந்து போன பஸ் செலவுக்கும் சட்டத்தரணியைக் கண்ட செலவுக்கும் காணுமா தெரியாது. தொகை சிறிதானால் தவறும் சிறிது என்றே அடுத்த அதிகாரி விளங்கிக்கொள்வார். அந்த நாட்களில் புடைவைக் கடைக்குப் போய், எந்தத் துணியில் என்ன வட்டம் இருக்கிறது என்று விரித்து விரித்துப் பார்த்த பெண்களின் அச்சத்துக்கு எந்த நீதிமன்றமும் விலை போட முடியாது. அது வேறு.

கவிதை நூலின் கதை இதைவிட நீளம், இதைவிடக் கசப்பு.

அஹ்னாப் ஜஸீம் மன்னார் மாவட்டத்துச் சிலாவத்துறையைச் சேர்ந்தவர். இளம் ஆசிரியர், கவிஞர். அவருடைய 'நவரசம்' 2017 இல் வெளிவந்தது. 2020 மே 16 ஆம் திகதி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைது செய்யப்பட்டார். மாணவர்களுக்குத் தீவிரவாதக் கருத்துகளைப் போதித்தார் என்பது குற்றச்சாட்டு. அதற்குச் சான்றாகக் காட்டப்பட்டவற்றில் முக்கியமானது அந்தக் கவிதை நூல். 2021 டிசம்பரில் பிணை கிடைக்கும்வரை ஏறத்தாழ 19 மாதங்கள் அவர் உள்ளே இருந்தார். 2023 டிசம்பர் 12 ஆம் திகதி புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. மூன்று ஆண்டும் ஏழு மாதமும். ஏ.எல். பிள்ளை ஒன்று படித்து, சோதனை எழுதி, பல்கலைக்கழகமும் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய காலம் அது.

கவிதைகளின் தரத்தை இங்கே நான் பேசப்போவதில்லை. நல்ல கவிதையோ சுமாரான கவிதையோ, சுமாராக எழுதுவது குற்றமென்றால் நாட்டில் சிறைச்சாலைகள் போதாது. அவருக்காகக் குரல் கொடுத்தவர்களும் நூலைத் தமிழிலேயே படித்தவர்களும் அதிலுள்ள கவிதைகள் வன்முறைக்கு எதிராகப் பேசுபவை என்று தொடர்ந்து சொன்னார்கள். என் கேள்வி அதற்கும் முந்தியது. கவிதையை எப்படி வாசிக்க வேண்டும் என்று தமிழ் மரபு சொல்லித் தந்திருக்கிறது. அந்த முறைகளில் ஒன்றாவது அந்த விசாரணையில் கையாளப்பட்டதா?

நூலின் தலைப்பை எடுப்போம். நவரசம் என்றால் ஒன்பது சுவை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டைச் சொல்கிறார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பின்னால் வந்த மரபு சமநிலையையும் சேர்த்து ஒன்பதாக்கியது. இந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு எழுதப் புகுந்தவன் வெகுளியையும் அச்சத்தையும் இளிவரலையும் தொடாமல் போக முடியாது. தொடாவிட்டால் நூலுக்குப் பெயர் பொருந்தாது என்று விமர்சகன் எழுதுவான். கோபம் இருக்கிற கவிதையைத் தனியே பிடுங்கி எடுத்து, "பாருங்கள், இதில் கோபம் இருக்கிறது" என்று சொல்வது, கறியிலிருந்து மிளகாயை மட்டும் எடுத்து வாயில் போட்டுவிட்டுச் சமைத்தவளைக் குறை சொல்வது மாதிரி.

இரண்டாவது, கூற்று. அகப்பாடலில் 'நான்' என்று பேசுபவள் தலைவி, இல்லாவிட்டால் தோழி, செவிலி. புலவன் அங்கே பேசுவதில்லை. தலைவியின் நெஞ்சைப் பாடிய ஆண் புலவரைத் தலைவி என்று யாரும் எண்ணியதில்லை. இது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். வினாத்தாளில் "இது யார் கூற்று?" என்று கேட்டுப் புள்ளி கொடுக்கிறோம். ஆனால் ஒரு சமகாலக் கவிஞன் கொடியவன் ஒருவனின் குரலில் எழுதினால், அந்தக் குரல் கவிஞனுடையது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அங்கதத்தின் கதி இன்னும் மோசம். புகழ்வது போல இகழும் வஞ்சப்புகழ்ச்சி அணியை, தொனி தெரியாத ஒருவர் சொல்லுக்குச் சொல் மாற்றினால், இகழ்ச்சி உதிர்ந்து புகழ்ச்சி மட்டும் மிஞ்சும். வன்முறையைக் கிண்டல் செய்யும் வரி மறுமொழியில் வன்முறைக்கு வாழ்த்தாகப் போய் நிற்கும்.

மொழிபெயர்ப்பு என்று வரும்போது அரசியலமைப்பையும் பார்க்க வேண்டியிருக்கிறது. சிங்களமும் தமிழும் நாடு முழுவதும் நீதிமன்ற மொழிகள் என்று 24 ஆம் உறுப்புரை தொடங்குகிறது. அடுத்த வரியிலேயே பிரித்துவிடுகிறது. தமிழ் நிருவாக மொழியாக உள்ள வடக்குக் கிழக்கில் தமிழ், மற்ற இடங்களில் சிங்களம். தமிழ் விளங்காத இடத்தில் வழக்காளிக்கு மொழிபெயர்ப்பு உதவி கிடைக்கும் என்றும் சொல்கிறது. இதெல்லாம் ஆட்களுக்கான ஏற்பாடு. வழக்குக்குள் வரும் ஒரு நூலுக்கு என்ன ஏற்பாடு? புத்தளம் தமிழ் பேசும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் மாவட்டம், ஆனால் வட மேல் மாகாணத்தில் இருப்பதால் அங்கே நீதிமன்ற மொழி சிங்களம். ஆகவே தமிழ்க் கவிதை நூலொன்று அங்கே மொழிபெயர்ப்பாகவே அரங்கேறும். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் மாற்றுவதற்குப் பழகிய சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கவிதையைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார், பாவம்? உறுதியில் 'வடக்கே வேலி' என்றால் வடக்கே வேலிதான். கவிதையில் வேலி வேலியாகவே இருக்கும் என்று யார் சொன்னது?

இந்த வழக்கில் மொழிபெயர்ப்பை வைத்துச் சிறுவர் உளநல மருத்துவர்களிடமும் அபிப்பிராயம் பெறப்பட்டது. மருத்துவர்களின் படிப்பைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் அவர்கள் கையில் இருந்தது மொழிபெயர்ப்பு. ஒரு கவிதை பிள்ளைகளின் மனதை என்ன செய்யும் என்று கேட்குமுன், அது என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். அதற்குரியவர்கள் இந்த நாட்டில் இல்லையா? யாழ்ப்பாணம், பேராதனை, கிழக்கு, தென்கிழக்கு என்று பல்கலைக்கழகங்களில் தமிழைத் துறையாகவே வைத்துப் படிப்பிக்கிறோம். இரண்டு மொழியிலும் கவிதை அறிந்த ஒருவரையும் தேடிப் பிடிக்க முடியாத அளவுக்கு வறிய நாடு இல்லை இது.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் வாசகத்திலேயே இந்த ஆபத்து பதுங்கியிருக்கிறது. 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தில் 2(1)(ஏ) என்று ஒரு பந்தி உண்டு. ஆங்கிலப் பிரதியில் எட்டாவது எழுத்தால் குறிக்கப்படுவது அது. பேசும் சொல், வாசிக்கப்படுவதற்கென எழுதிய சொல், அடையாளம், கண்ணுக்குத் தெரியும் உரு என்று எல்லாவற்றையும் அது வலைக்குள் இழுக்கிறது. அவற்றால் வன்முறையோ சமூகங்களுக்கிடையே பகையோ மனக்கசப்போ ஏற்படுத்துவதும், ஏற்படுத்தக் கருதுவதும் குற்றம். மனக்கசப்பு என்பது எவ்வளவு அகன்ற சொல்! ஒரு நல்ல சிறுகதை யாருக்காவது மனக்கசப்பை ஏற்படுத்தாமல் இருக்குமா? 2022 இல் சட்டத்தைத் திருத்தினார்கள், தடுப்புக்காவலின் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. காலத்தைக் குறைத்தார்களே தவிர, சொற்களின் அகலத்தைக் குறைக்கவில்லை.

'மொழி தெரியாததால்தானே வந்த வினை' என்று இதை முடித்துவிடவும் முடியாது. சக்திக சத்குமாரவின் கதை அதற்கு இடம் தராது. அவர் சிங்கள எழுத்தாளர், பௌத்தர். 'அர்த' என்ற சிறுகதையை முகநூலில் போட்டார். பௌத்த துறவு வாழ்க்கையைத் தொட்ட கதை. பிக்குமாரின் முறைப்பாட்டின் பேரில் 2019 ஏப்ரல் ஆரம்பத்தில் கைது. அதே ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், அதே 3 ஆம் பிரிவு. நான்கு மாதத்துக்கு மேல் விளக்கமறியல். ஓகஸ்டில் பிணை. 2021 பெப்ரவரியில் வழக்கிலிருந்து விடுவிப்பு. இங்கே மொழிபெயர்ப்பாளர் இல்லை. எழுதியவர், முறையிட்டவர், கைது செய்தவர் எல்லாருக்கும் தாய்மொழி ஒன்றே. ஆகவே குறை மொழியில் மட்டும் இல்லை. முறைப்பாட்டுக்காரர் எப்படி வாசித்தாரோ அப்படியே பொலிஸாரும் வாசித்தார்கள் என்பதுதான் குறை. அவருக்கு நோகிறதா இல்லையா என்பதைச் சட்டம் அளவுகோலாக எடுத்துக்கொண்டது. எங்களுக்கு நடந்ததைப் பேசும்போது சத்குமாரவுக்கு நடந்ததையும் சேர்த்துப் பேசாவிட்டால் எங்கள் வாதம் பாதிதான். எங்கள் கூட்டங்களில் அவர் பெயர் அபூர்வமாகவே வருகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அளவுகோல் என்றதும் பாக்கு நீரிணைக்கு அப்பால் ஒரு தீர்ப்பு ஞாபகம் வருகிறது. (அவர்கள் உச்ச நீதிமன்றம் என்பதை நாங்கள் உயர் நீதிமன்றம் என்கிறோம். அவர்களுடைய உயர் நீதிமன்றம் வேறு. வாசகர் குழம்ப வேண்டாம்.) உருதுக் கவிஞரும் மாநிலங்களவை உறுப்பினருமான இம்ரான் பிரதாப்கடி ஒரு கவிதையைப் பின்னணியாக வைத்துக் காணொளி ஒன்றைப் பகிர்ந்தார் என்று குஜராத்தின் ஜாம்நகரில் 2025 ஜனவரியில் வழக்குப் பதிந்தார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் வழக்கை நீக்க மறுத்தது. மார்ச் 28 ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றத்தின் இரு நீதியரசர்கள், அபய் எஸ். ஓகாவும் உஜ்ஜல் புயானும், அதனை நீக்கினார்கள்.

அந்தத் தீர்ப்பில் நான் விரும்புவது பேச்சுரிமை பற்றிய அழகான வசனங்களை அல்ல. அவை எல்லாத் தீர்ப்பிலும் இருக்கும். நீதியரசர்கள் கவிதையை உட்கார்ந்து வாசித்திருக்கிறார்கள். அதன் மொழிபெயர்ப்பைத் தீர்ப்புக்குள்ளேயே கொண்டுவந்து, இதில் எந்த மதத்தைப் பற்றியும் பேச்சில்லை, அநியாயத்தையும் அன்பால் எதிர்கொள்வதைப் பற்றிய பேச்சே உள்ளது என்று காட்டியிருக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் ஆபத்துக் காணும் பலவீனமான மனதை வைத்து அளக்கக் கூடாது, திடமான, நியாயமான மனிதரை வைத்து அளக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். எல்லாவற்றையும்விடப் பயன் தருவது நடைமுறை பற்றிய பகுதி: மூன்று முதல் ஏழு ஆண்டுத் தண்டனைக்குரிய பேச்சு, எழுத்துக் குற்றச்சாட்டுகளில் வழக்குப் பதியுமுன் பூர்வாங்க விசாரணை செய்வதற்குப் புதிய நடைமுறைச் சட்டத்தில் உள்ள இடத்தைப் பொலிஸார் பயன்படுத்துவது பொருத்தம் என்றார்கள். அதாவது, பிடிக்கு முன் படி. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' வழக்கில் 2016 இல் சென்னை உயர் நீதிமன்றமும் நாவலை முழுமையாக வைத்தே பேசியது, பிடுங்கிய பக்கங்களை வைத்தல்ல. இந்தியாவில் எல்லாம் நல்லபடி நடக்கிறது என்று யாரும் விளங்கிக்கொள்ளக் கூடாது. அங்கே முஸ்லிம் எழுத்தாளருக்கும் மாணவருக்கும் நடப்பவை எங்களுக்குத் தெரியும். ஆனால் தீர்ப்பு எழுதும் கலையில் இந்த இரண்டையும் எங்கள் சட்டத்தரணிகள் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

எங்களிடம் குறைவது இதுதான். அஹ்னாபின் விடுதலை ஒரு மேல் நீதிமன்றத்தின் முடிவு. அது அவரை விடுவித்தது, அதற்காக மகிழ்ச்சி. ஆனால் அந்த முடிவு அடுத்த மேல் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. நாளை வேறொரு மாவட்டத்தில் வேறொரு கவிஞன் அகப்பட்டால், அவனுடைய சட்டத்தரணி 'நவரசம்' வழக்கைக் கட்டாய முன்னுதாரணமாகக் காட்ட முடியாது. திரும்பவும் முதலிலிருந்து மொழிபெயர்ப்பு, அறிக்கை, தவணை, தவணை. சட்டையைப் பற்றிய தீர்ப்பு மேலிடத்துத் தீர்ப்பு, அதற்கு வலு உண்டு. ஆனால் அது ஒரு கைதின் நியாயத்தைப் பேசியது. ஒரு நூலை எப்படி வாசிப்பது என்ற கேள்வி இன்னும் எங்கள் உயர் நீதிமன்றத்தின் மேசைக்கு ஒழுங்காகப் போகவில்லை.

இதற்கிடையில் சட்டங்கள் பெருகிக்கொண்டே போகின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக என்று 2018 இல் ஒரு வரைவு, 2023 இல் இன்னொரு வரைவு. ஆட்சி மாற மாற இந்தப் பேச்சும் திரும்பத் திரும்ப வருகிறது. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தது, 9 ஆம் இலக்கம். இணையத்தில் எது பொய்யான கூற்று என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. ஏமாற்றும் நோக்கமும் இருக்க வேண்டும் என்று வரைவிலக்கணம் சொல்வது நல்லதாய்ப் போயிற்று. இல்லாவிட்டால் "நிலவு போல் முகம்" என்று எழுதுகிறவன்கூட விளக்கம் கொடுக்கப் போக வேண்டி வரும். பகிடி ஒருபக்கம் இருக்கட்டும். அந்த ஐந்து பேர் முன்னால் ஒரு தமிழ்க் கவிதை வந்தால், அதனை மூலத்தில் யார் வாசிப்பார்?

எங்கள் அமைப்புகள் சட்ட வரைவுகளுக்கு ஆலோசனை கொடுக்கப் போகும்போது பயங்கரவாதத்தின் வரைவிலக்கணம், தடுப்புக்காவல் காலம் என்று பெரிய விடயங்களைக் கொண்டு போகிறார்கள். போகட்டும், வேண்டியதுதான். அதோடு சிறிய கோரிக்கை ஒன்றையும் சேர்த்துக்கொண்டு போகலாம்: எழுத்து ஒன்றையோ வடிவம் ஒன்றையோ மட்டும் சான்றாகக் கொண்டு ஒருவரைக் கைது செய்யுமுன், அந்த எழுத்தை அதன் மூல மொழியில், முழுமையாக, அந்த மொழியின் இலக்கியம் அறிந்த ஒருவர் வாசித்து எழுத்தில் அபிப்பிராயம் தர வேண்டும். மொழிபெயர்ப்பின் பிரதி சந்தேக நபருக்கும் கிடைக்க வேண்டும், வேறு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு அதை மறுத்துப் பேச இடம் இருக்க வேண்டும். இதைச் சேர்ப்பதற்குப் பெரிய செலவில்லை. சுற்றுநிருபம் ஒன்றே போதும், சட்டத்திலேயே வந்தால் இன்னும் நல்லது.

எங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஈஸ்டருக்குப் பிந்திய மாதங்களில் எத்தனையோ வீடுகளில் அரபு எழுத்திருந்த நூல்களெல்லாம் எரிந்தன, புதைந்தன, கிணற்றுக்குள் போயின. அவற்றில் அரபுத்தமிழ்க் கைப்பிரதிகளும் இருந்திருக்கும். அரபு லிபியில் எழுதிய தமிழை வாசிக்கத் தெரிந்தவர் பொலிஸில் யார் இருக்கிறார் என்ற அச்சத்தில் ஒரு மரபின் தடயங்கள் சாம்பலாயின. இன்றும் பாடசாலைச் சஞ்சிகைக்குப் பிள்ளை எழுதித் தரும் கவிதையில் 'இரத்தம்' என்ற சொல் வந்தால், "என்னத்துக்குப் புள்ள கரச்சல், 'கண்ணீர்' எண்டு மாத்துவம்" என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். அந்தப் பிள்ளை 'கண்ணீர்' என்று மாற்றிவிட்டு, அடுத்த முறை கவிதையே தருவதில்லை.

அஹ்னாபைப் பற்றி அறிக்கைகளும் கண்டனங்களும் பின்னர் வாழ்த்துகளும் நிறைய வந்தன. 'நவரசம்' பற்றி, நூலாக எடுத்து, கவிதை கவிதையாகப் பார்த்து எழுதிய விமர்சனம் எத்தனை? வழக்கு முடிந்துவிட்டது, பேசுவதற்கு இப்போது தடையில்லை. பிரதி கையிலிருப்பவர் யாராவது இந்தச் சஞ்சிகைக்கு எழுதட்டும். எங்கே படிமம் நிற்கிறது, எங்கே ஓசை தட்டுகிறது, எந்தக் கவிதை செய்தியாகச் சறுக்கிவிட்டது என்று குறையிருந்தால் குறையையும் எழுதட்டும். மற்றக் கவிஞர்களுக்குக் கிடைக்கும் அந்தச் சாதாரண மரியாதை இவருக்கு இன்னும் கிடைக்கவில்லை.